கூகுளின் இலவசச் சேவை: எங்கள் டியூஷன் சங்கத்துக்கு உதவியதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்தும் சிறு சங்கத்தின் செயலாளர் நான். வருகைப் பதிவும் நன்கொடை ரசீதும் ஒரு பிஸ்கட் டின்னில்தான் இருந்தன. கூரை ஒழுகிய ஒரு மழையில் எல்லாம் ஊறிப்போயின.

அப்புறம்தான் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு கூகுள் தரும் இலவசச் சேவைக்கு விண்ணப்பித்தோம். சங்கப் பதிவிலாகா சான்றிதழில் எங்கள் பெயர் மலாயில் இருக்கிறது. நான் தமிழ்ப் பெயரைத் தட்டிவிட்டேன். திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். திருத்தி அனுப்பியதும் கிடைத்தது.

உண்மையில் உதவுவது அதிலுள்ள ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலி. ஆசிரியர் கைப்பேசியிலேயே வருகையைக் குறிக்கிறார். மூன்று நாள் வராத பிள்ளையின் பெயர் சிவப்பாகும்படி அமைத்திருக்கிறோம். அன்றிரவே அம்மாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி போகும். போன மாதம் ஒரு பையன் இப்படித்தான் தெரியவந்தான். பஸ் காசு இல்லையாம். கோயில் நிர்வாகத்திடம் பேசினோம், வேன் தந்தார்கள். யார் எந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஏறுவார் என்ற பட்டியலை மட்டும் டிரைவருக்குப் பகிர்ந்தோம். மதிப்பெண் அவருக்கு எதற்கு?

தகுதி பெற்றால் மாதம் 10,000 அமெரிக்க டாலர் வரை தேடல் விளம்பரமும் இலவசம். அதற்கு ஒழுங்கான இணையத்தளம் வேண்டும், எங்களிடம் இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு விளம்பரம் வேறா!

செம்பனைத் தோட்டத்துக்குள் இணைய லைன் கிடைக்காது. முன்கூட்டியே ஆஃப்லைனில் வைக்க மறந்தால் பழைய நோட்டுதான். அதை இப்போது பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறோம்.