பெண் இனப்பெருக்க மண்டல மாதிரி: வகுப்பறையில் பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்துப் பெண்கள் பள்ளியொன்றில் உயிரியல் கற்பிக்கும் நான், எங்கள் ஆய்வகத்திற்காக ஈரோட்டில் வாங்கிய பெண் இனப்பெருக்க மண்டல மாதிரியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பி.வி.சி.யால் ஆனது, கருப்பையின் முன்பாதியும் ஒரு பக்க அண்டகமும் (சினைப்பை) தனியே கழன்று வரும், விலை 4,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

அண்ட நாளத்தை அமைத்திருக்கும் விதத்திற்காகவே இதை வாங்கலாம். தட்டையான படத்தைப் பார்த்துப் படிக்கும் மாணவியர் பலர், அண்டகமும் நாளமும் ஒரே குழாயாக ஒட்டியிருப்பதாக எண்ணிக்கொள்கின்றனர். இம்மாதிரியில் நாளத்தின் புனல் முனையும் அதன் விரல் போன்ற நீட்சிகளும் அண்டகத்தின் மேல் கவிந்து நிற்க, இடையிலுள்ள வெளி தெளிவாகத் தெரிகிறது. அண்டகத்திலிருந்து வெளிப்படும் அண்டத்தை அந்நீட்சிகள் வாரி எடுப்பதையும், நாளத்தின் குறுஇழைகளும் தசையசைவும் அதைக் கருப்பையை நோக்கி நகர்த்துவதையும், வழியிலேயே, நாளத்தின் அகன்ற பகுதியில், கருவுறுதல் நிகழ்வதையும் விரல் வைத்துக் காட்டிவிடலாம். அப்படிக் காட்டிய பிறகு, கரு நாளத்திலேயே தங்கிவிட்டால் அந்த மெல்லிய சுவர் கிழிந்து உயிருக்கே ஆபத்தாவது ஏன் என்பது மாணவியருக்குத் தானாகவே விளங்குகிறது.

அண்டகத்தின் வெட்டுமுகம் கவனத்துடன் கையாள வேண்டிய பகுதி. அண்டத்தைப் பொதிந்திருக்கும் நுண்பைகளின் வளர்ச்சி நிலைகளை வட்டமாக வரிசைப்படுத்தியிருப்பதால், ஒரே நுண்பை அண்டகத்தைச் சுற்றி நகர்ந்தபடி வளர்வதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது இருந்த இடத்திலேயே முதிர்ந்து, அண்டத்தை வெளியிட்டு, கார்பஸ் லூட்டியம் என்னும், ஹார்மோன் சுரக்கும் திரளாக மாறுகிறது. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரை இருக்கும் முதிராத அண்டங்களில், வாழ்நாளில் ஏறத்தாழ 400 மட்டுமே வெளிவருகின்றன என்பதையும் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

பெட்டியில் இயல்பான அளவு என்று அச்சிட்டிருக்கிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் கருப்பை 11 செ.மீ. வருகிறது. குழந்தை பெறாத பெண்ணின் கருப்பை சுமார் 7.5 செ.மீ. நீளமே இருக்கும், ஒரு சிறிய கொய்யாக்காய் அளவு. பெரும்பாலான பெண்களுக்கு அது சிறுநீர்ப்பையின் மேல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதையும் இந்த நேர்நிமிர்ந்த மாதிரியால் காட்ட இயலாது.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறு. கருப்பையின் உட்படலமான எண்டோமெட்ரியத்தை ஒரே சிவப்புக் கோடாகத் தீட்டி முடித்துவிட்டார்கள். மாதந்தோறும் உதிர்வது மேலடுக்கு மட்டுமே, அடியடுக்கிலிருந்து அது மீண்டும் வளர்கிறது என்பதை, மாதவிடாயில் வெளியேறுவது கெட்ட ரத்தம் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டும் வாய்ப்பு இதனால் போய்விடுகிறது. வெளியுறுப்புகளோ அறவே இல்லை. பெண்ணின் பாலுணர்வு உறுப்பான கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்குள் இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் விரிவாக வெளியிட்ட பிறகும் அதை விட்டுவிடுவதற்கு நியாயமே இல்லை.

ஆயினும், சுவர்ப்படத்தை மட்டும் நம்பியிருக்கும் பள்ளிகள் இதைத் தயங்காமல் வாங்கலாம். வாங்குவோர் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கழலும் அண்டகத்தைத் தாங்கும் ஊசி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது சில வாரங்களிலேயே தளர்ந்துவிட்டது.