கல்லடி உணவகமொன்றின் பார்சல் பெட்டிகள்

இந்த உணவகத்தின் இறால் கறியைக் குறை சொல்வதற்கில்லை. பார்சல் பெட்டிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சோறு வரும் வெள்ளைப் பெட்டியின் அடியில், முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் பதிந்திருக்கிறது. அது பொலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கிறதே தவிர, மீள்சுழற்சிக்கு எவரேனும் எடுத்துக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் அன்று. எனினும் வெந்நீரில் கழுவினால் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கி, மிளகாய்த்தூள் போட்டுவைக்க நெடுநாள் உதவும். கறி வரும் கறுப்புப் பெட்டிதான் வீண்: அதன் கரிச்சாயம் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிவிடுவதால், பிளாஸ்டிக்கைத் தரம்பிரிக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்கு அது புலப்படுவதேயில்லை. இலங்கையில் 2017இல் ரெஜிபோம் என்னும் நுரைப் பிளாஸ்டிக் பெட்டிகள் தடைசெய்யப்பட்ட பின் வந்த மாற்று இதுதானா? வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோனால் முகஞ்சுளிக்காமல் நிரப்பித் தருகிறார்கள். பெட்டிக்கான காசையும் கழித்தால் நன்று.