ஹயசிந்த் கண்ணாடிக் குடுவை: பின்பனியில் வாங்கலாமா?

பின்பனியின் கடைசி வாரங்கள் நகரவே நகராது. பகல் கொஞ்சம் நீண்டிருக்கும், மண்ணோ இன்னும் இறுகிக் கிடக்கும். பூக்கடை இல்லாத சிறிய ஊர் என்றால் ஒரு பச்சை இலையைப் பார்ப்பதே அரிது. இளவேனிலில் பூக்கும் மணமுள்ள பூச்செடியான ஹயசிந்த்தின் கிழங்கும், அதை மண்ணில்லாமல் நீர்மேல் வளர்க்கும் கண்ணாடிக் குடுவையும் சேர்ந்த பெட்டி மனத்தை இழுப்பது அப்போதுதான். இளவேனிலை ஜன்னலோரத்துக்கு முன்கூட்டியே கொண்டுவர இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் குளிர்காலம் முடியப்போகும் வேளையில் வாங்குவதானால் குடுவையைப் பார்ப்பதற்கு முன் கிழங்கைப் பாருங்கள்.

பெட்டியில் ‘பதப்படுத்திய கிழங்கு’ என்று அச்சிட்டிருப்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு கிழங்கை வெப்பத்தில் வைத்து, உள்ளே பூ அரும்பு சீக்கிரம் உருவாகும்படி செய்திருக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பொருள். குளிர் உறக்கம் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. பதப்படுத்திய கிழங்குக்கும் இருட்டில், 5 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில், ஏறக்குறைய 10 வாரம் வேண்டும். சாதாரணக் கிழங்குக்கு 12 வாரத்துக்குக் குறையக் கூடாது. அந்தக் குளிர் கிடைக்காத கிழங்கை நேராக வெப்பமான அறையில் வைத்தால் பூந்தண்டு நீளாது. இலைகளின் இடுக்கிலேயே நாலைந்து பூ விரிந்து, அப்படியே கருகும். ‘கிழங்கு மோசம்’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

அதனால் பின்பனியில் வாங்குவதானால் ஏற்கெனவே குளிரில் வைத்து வேர்விட்ட கிழங்கு மட்டுமே உதவும். அதை அடையாளம் காண்பது எளிது. வெண்ணிற வேர்கள் குடுவையின் அடியைத் தொட்டிருக்க வேண்டும், முளை 4 அல்லது 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். முளையின் அடிப்பகுதியை விரல்களால் மெல்ல அழுத்தினால், அரும்பு கிழங்கின் கழுத்தைத் தாண்டி மேலே வந்திருப்பது தெரியும். அரும்பு இன்னும் கிழங்குக்குள்ளேயே இருந்தால் மறுபடி குளிருக்கு அனுப்புங்கள். பொட்டலத்தில் வரவழைத்தால், வந்த அன்றே கிழங்கின் அடித்தட்டை, அதாவது வேர் முளைக்கும் அடிப்பகுதியை, அழுத்திப் பாருங்கள். வழியில் உறைந்துபோன கிழங்கு வெந்ததுபோல் குழைந்து, நீர் கோத்திருக்கும். அதைக் காப்பாற்ற வழியில்லை. வெங்காயத்தைப் போல் கனமாகவும் கெட்டியாகவும் இருப்பதே நல்ல கிழங்கு.

கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். ஹயசிந்த்தின் செதில்களில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. தோலில் பட்டால் அரிக்கும். நாய், பூனை கடித்தால் அவற்றுக்கும் நஞ்சு.

இனி குடுவை. மேலே கிண்ணம், நடுவில் ஒடுங்கிய கழுத்து, கீழே நீர் நிற்கும் வயிறு, இதுதான் அமைப்பு. 18 செ.மீ. சுற்றளவுள்ள பெரிய கிழங்கின் குறுக்களவு 6 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. எனவே கழுத்து 4 முதல் 4.5 செ.மீ. இருந்தால் கிழங்கு பாங்காக உட்காரும். 5 செ.மீ.யைத் தாண்டினால் சிறிய கிழங்கு நழுவி நீருக்குள் இறங்கிவிடும், அழுகலும் தொடங்கிவிடும். உயரமாக, ஒல்லியாக இருக்கும் குடுவை படத்தில் அழகுதான். பூங்கொத்து கனக்கும்போது அது சாய்ந்துவிடுகிறது. அடி அகன்ற குட்டையான வடிவத்தையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். நிறக் கண்ணாடியில் பாசி குறைவாகப் படியும். ஆனாலும் தெளிந்த கண்ணாடியே எங்கள் தேர்வு. வேர்கள் நூல்நூலாக இறங்குவதை நாள்தோறும் பார்க்க முடிகிறதே, பூவுக்கு முன்பே கிடைக்கும் இளவேனில் அதுதான்.

நீர்மட்டம் அடித்தட்டைத் தொடக் கூடாது. அரை செ.மீ. இடைவெளி விடுங்கள், ஈரக்காற்றே வேரைக் கீழே இழுக்கும். வேர் நீண்டதும் மட்டத்தை இன்னும் ஒரு செ.மீ. குறைக்கலாம். நீர் கலங்கினால் மாற்ற வேண்டும். அதற்காகக் கிழங்கை வெளியே எடுத்துத் திரும்ப வைக்காதீர்கள், வேர்கள் கழுத்தில் மடங்கி ஒடியும், ஒடிந்த வேர் திரும்ப வளராது. கிழங்கை விரலால் பிடித்துக்கொண்டு குடுவையைச் சாய்த்து வடித்துவிட்டு, அறையின் வெப்பநிலையிலுள்ள நீரை மெல்ல ஊற்றுங்கள். அடுப்புக்கரித் துண்டு ஒன்றைப் போட்டு வைத்தால் நாற்றம் குறையும்.

குளிரிலிருந்து எடுத்ததும் ஜன்னல் வெயிலில் வைப்பது அடுத்த பெரிய பிழை. முதல் ஒரு வாரம் 10 முதல் 15 டிகிரி உள்ள, வெளிச்சம் மங்கிய இடம் போதும். வெளிர் மஞ்சளாக இருந்த முளை பச்சையாகும். அதற்குப் பிறகு நல்ல வெளிச்சத்துக்கு மாற்றி, தினமும் கால் சுற்று திருப்பி வையுங்கள். எடுத்த நாளிலிருந்து ஏறக்குறைய 3 வாரத்தில் பூ. தண்டு குட்டையாகவே நின்றால், தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி முளைமேல் சில நாள் கவிழ்த்து வையுங்கள். இருட்டைத் தாண்டி ஒளியைத் தேடித் தண்டு நீளும். குளிர் போதாமல் நின்றுபோன கிழங்குக்கு இது ஓரளவுதான் உதவும்.

வெப்பமூட்டிக்கு அருகில் வைத்த பூ ஒரு வாரத்தைத் தாண்டுவது கடினம். குளுமையான அறையில் 2 வாரம் வரை நிற்கும். மணம் மிகக் கனமானது. சின்னப் படுக்கையறையில் தலைவலி தரலாம், கூடத்தில் வையுங்கள்.

வேர்விட்ட கிழங்கு கிடைக்காவிட்டால் குளிர் தேவைப்படாத, வெள்ளைப் பூ தரும் பேப்பர்வைட் நார்சிசஸ் கிழங்கை வாங்குங்கள். கூழாங்கல்லும் நீரும் போதும், 4 முதல் 6 வாரத்தில் பூக்கும். தண்டு நெடுநெடுவென்று வளர்ந்து சாய்வதே அதன் குறை. வேர் பிடித்து முளை சற்று உயர்ந்த பிறகு, நீரில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்படி கலந்து ஊற்றினால் செடி குட்டையாக, நிமிர்ந்து நிற்கும். பூவின் அளவு குறையாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்த முறை இது. பீர், ஒயின் வேண்டாம், அவற்றிலுள்ள சர்க்கரை வேரைக் கெடுக்கும்.

நீரில் பூத்த ஹயசிந்த் கிழங்கு தன் சேமிப்பையெல்லாம் செலவழித்திருக்கும், மறுமுறை குடுவைக்கு ஆகாது. மண்ணில் நட்டால் ஓரிரு ஆண்டில் சிறிதாகப் பூக்கலாம். குடுவையை வினிகரில் ஊறவைத்து உப்புக்கறை போகக் கழுவி எடுத்து வையுங்கள். அடுத்த முறை கிழங்கைத் தனியாக இலையுதிர்காலத்தில் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் ஆப்பிளோ வேறு பழமோ அதில் இருக்கக் கூடாது, பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளே உறங்கும் அரும்பைக் கொன்றுவிடும். வட அரைக்கோளத்தில் பிப்ரவரி இறுதியில் பூ வேண்டுமா? குளிருக்கு 12 வாரம், வெளிச்சத்துக்கு 3 வாரம். நவம்பர் இரண்டாம் வாரத்தில் கிழங்கு குடுவையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.