காட்மியம் கலந்த வயல்: மண்ணை மாற்றுவதா, தண்ணீர் கட்டுவதா, ரகத்தை மாற்றுவதா?

ஜப்பானின் தோயாமாவில் ஜின்சூ ஆற்றுப் பாசன வயல்களுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் வந்தது, மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து. எலும்பை நொறுக்கும் ‘இத்தாய்-இத்தாய்’ நோய்க்கு அதுவே காரணம் என்று 1968இல் அரசே ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட வயலில் நெல்மணிக்குள் காட்மியம் ஏறாமல் தடுக்க என்ன வழி?

உறுதியான வழி மண்ணை மாற்றுவது. கெட்ட மேல்மண்ணைப் புதைத்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேலே பரப்புகிறார்கள். ஜின்சூவில் சுமார் 860 ஹெக்டேரை இப்படி மீட்டார்கள். வேலை 2012இல் முடிவதற்குள் 30 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது; செலவு ஏறக்குறைய 4,000 கோடி யென். தனி விவசாயிக்குக் கட்டுப்படியாகிற கணக்கா இது?

தண்ணீர் கட்டுவது மலிவு. கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து மூன்று வாரம் பின்புவரை வயல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றுப் புகாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும், வேருக்குக் கிட்டாது. ஆனால் அறுவடை இயந்திரம் இறங்க வயல் காய்ந்தாக வேண்டுமே! அவசரப்பட்டுத் தண்ணீரை வடித்தால், அடங்கிக் கிடந்தது மறுபடி கரையும். அதைவிடப் பெரிய தலைவலி ஆர்செனிக் என்ற இன்னொரு நச்சு. அதே சேற்றில் இரும்புத் துரு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபட்டு, நெல் சிலிக்காவை உறிஞ்சும் பாதை வழியாகவே உள்ளே போய்விடும். மண்ணில் இரண்டும் இருந்தால் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது.

சுண்ணாம்பு புளிப்பு மண்ணில் கைகொடுக்கும், சீனாவின் ஹுனானில் போடுகிறார்கள். ஆனால் ஒருமுறை போட்டால் தீராது, திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

என் ஓட்டு ரகத்துக்கே. ‘கோஷிஹிகாரி கான் 1’ விதைமேல் அயனிக் கதிர்வீச்சு பாய்ச்சி உருவாக்கிய ஜப்பானிய நெல் ரகம். காட்மியத்தை வேருக்குள் விடும் மரபணு அதில் வேலை செய்யாது. அதனால் இடையிடையே வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டலாம், ஆர்செனிக்கும் குறையும். குறை இல்லாமல் இல்லை. பயிருக்கு வேண்டிய சத்தான மாங்கனீசும் அதே வாசல் வழியாகத்தான் வரும். மாங்கனீசு குறைந்த மண்ணில் இலையெங்கும் பழுப்புப்புள்ளி நோய் விழும். அங்கே மாங்கனீசு உரம் போட வேண்டும். அகிதா மாநிலம் 2025இல் இந்த வழிவந்த ‘அகிதகோமாச்சி ஆர்’ ரகத்துக்கு மாறியபோது, கதிர்வீச்சு அரிசி என்று எதிர்ப்பும் கிளம்பியது. அந்த விதைமேல் யாரும் கதிர் பாய்ச்சவில்லை. கான் 1இன் குணத்தை வழக்கமான ஒட்டுச்சேர்ப்பில் ஏற்றியதுதான்.