உறைபனிக் காலைக்கு எந்த 4×5 கேமரா: மரமா, உலோகமா, மோனோரெயிலா?

நீலகிரியில் இமயமலைபோல் பனி கொட்டுவதில்லை. இங்கே குளிர்காலத்தில் விழுவது நீர்ப்பனி, பிறகு உறைபனி. அதனால் மைனஸ் இருபது டிகிரியில் ஷீட் ஃபிலிம் (சுருளாக அல்லாமல் 4×5 அங்குலத் தனித்தாளாக வரும் ஃபிலிம்) எடுப்பவர்கள் தரும் ஆலோசனைகளில் பாதி, ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தாவில் தேவைப்படாது. அவர்களுக்கு ஷட்டர் எண்ணெய் கெட்டியாவது பெருங்கவலை. பூஜ்ஜியத்தை ஒட்டிய ஊட்டிக் குளிரில், நன்றாகச் சர்வீஸ் பார்த்த ஷட்டர் ஒழுங்காகவே வேலை செய்யும். நமக்கு நெருக்கடி நேரம்தான். வெயில் புல்லைத் தொட்டதுமே வெண்மை கரையத் தொடங்குகிறது. அதற்குள் ட்ரைபாடை ஊன்றி, ஃபோகஸ் பிடித்து, ஃபிலிம் தாள் உள்ள ஹோல்டரைச் செருகியாக வேண்டும்.

இன்னொரு தேவை லென்ஸ் சாய்வு. காலடியில் பனி பூத்த புல், தொலைவில் சோலைக்காட்டின் விளிம்பு, இரண்டும் கூர்மையாக விழ வேண்டும் என்றால் லென்ஸை முன்பக்கம் சாய்க்க வேண்டும். கேமரா தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், லென்ஸ் 150 மி.மீ. என்றால் சுமார் 8.5 டிகிரி சாய்வு. 4×5 போன்ற பெரிய வடிவக் கேமராவைச் சுமந்து வருவதே இதற்காகத்தான் என்பேன்.

இந்தச் சாய்வில் மோனோரெயிலை, அதாவது லென்ஸும் ஃபிலிம் பகுதியும் ஒரே தண்டின்மேல் நகரும் கேமராவை, மிஞ்ச ஆளில்லை. சினார் எஃப் போன்றவற்றில் முன்னும் பின்னும் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம்; பழைய சந்தையில் விலையும் மடிப்புக் கேமராக்களைவிட மலிவு. ஆனால் எடை 3 கிலோவுக்கு மேல், பையில் ஒழுங்காக அடங்காது. காரை நிறுத்திய இடத்திலேயே படம் எடுப்பவருக்கு இது போதும். பள்ளத்தில் இறங்கி நடப்பவருக்கு வேண்டாம்.

உலோக மடிப்புக் கேமராக்களோடு சேர்த்துப் பேசப்படும் கிரவுன் கிராஃபிக் (அதன் பெட்டி தோல் போர்த்திய மரம்தான்) சட்டென்று திறக்கும், உறுதியாக நிற்கும். ஆனால் அதன் லென்ஸ் பின்பக்கமாகத்தான் சாயும். முன்சாய்வு வேண்டுமென்றால் அடிப்பலகையைத் தாழ்த்திச் சுற்றுவழியில் போக வேண்டும். விறைத்த விரல்களோடு அதைச் செய்வது பெரும்பாடு. முழு உலோகமான லின்ஹாஃப் மாஸ்டர் டெக்னிகா நுட்பத்தில் உயர்ந்தது. எடை சுமார் 2.6 கிலோ, விலையோ பலருக்கு எட்டாது.

மரக் கேமராவைப் பற்றிய பழைய குறை, காற்றில் ஆடும் என்பது. இன்ட்ரெபிட் 4×5 சுமார் 1.2 கிலோதான், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே நீட்டிய பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) பாய்மரம்போல் காற்றை வாங்கும். ஆனால் உறைபனி எப்போது விழுகிறது? வானம் தெளிந்து, காற்று ஓய்ந்த இரவில். தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது, கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கித் தாழ்வில் தேங்குகிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா இருக்க, அதைவிடத் தாழ்ந்த தலைகுந்தாவும் காந்தலும் உறைபனிக்குப் பெயர் வாங்கியது இதனால்தான். காற்று வீசினால் பனி பிடிக்காது. மரக் கேமராவின் பெரிய குறை உறைபனிக் காலையில் தலையெடுப்பதே இல்லை. மரச்சட்டம் விரலைச் சுடுவதுபோல் குளிர்வதுமில்லை. என் தேர்வு மரம்தான், தயக்கமில்லாமல்.

கொடைக்கானலில் ஏரியை ஒட்டிய புல்வெளிக்கும் இதே கணக்கு. தூண் பாறை விளிம்பில் காற்றும் மூடுபனியும் மோதும் இடத்துக்கு மட்டும் உலோகம்.

மூன்றுக்கும் பொதுவான தொல்லை மூச்சு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட சில நொடிகளில், ஃபோகஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸ் மங்கிவிடும். மஃப்ளரால் மூக்கையும் வாயையும் மூடி, மூச்சைக் கீழே விட வேண்டும். ஃபோகஸைச் சரிபார்க்கும் உருப்பெருக்கியான லூப்பைச் சட்டைப்பையில் உடல்சூட்டில் வைத்திருந்தால் அது மங்காது.

ஃபிலிமில் போட்டி இன்னும் கடுமை. விடியலுக்கு முன் எஃப்/32 என்ற சிறு துவாரத்தில் வினாடிக் கணக்கில் திறக்க வேண்டியிருக்கும்; நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறையும். இல்ஃபோர்டின் எஃப்பி4 ஃபிலிமுக்கு மீட்டர் 10 வினாடி காட்டினால் அந்த நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 18 வினாடி தர வேண்டும். அதே வெளிச்சத்தில் அதைவிட உணர்திறன் கூடிய, ஐஎஸ்ஓ 400 உள்ள இல்ஃபோர்டின் எச்பி5க்கு நாலரை வினாடியே போதும். ஃபோமாபான் 100 மலிவு. ஆனால் மீட்டரில் 10 வினாடி என்றால் அதற்கு 80 வினாடி. விடியலில் அந்த 80 வினாடிக்குள் வெளிச்சமே கூடிவிடும், கணக்கு தப்பும். வெயில் ஏறிய பிறகு ஃபோமாபான் நல்ல ஃபிலிம், விடியலுக்கு எச்பி5. எதில் எடுத்தாலும், வெண்பனியை மட்டும் மீட்டரில் அளந்தால் அது சாம்பல் நிறமாகிவிடும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

தலைகுந்தா போகும் வழியில் இந்து நகரில்தான் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. நாட்டுக்கே ஃபிலிம் செய்து தந்த ஊரில் நின்றுகொண்டு, இன்று ஒவ்வொரு தாளையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறோம். அந்த ஆலை மூடியது எனக்கு ஆறாத வருத்தம்.

மரத்தை எடுப்பவர் ஒன்றை ஏற்க வேண்டும்: ஈரத்தில் மரம் உப்பும், சட்டங்கள் இறுகும். சூடான அறைக்குள் நுழையுமுன் கேமராவையும் ஹோல்டர்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். நீர் பைக்கு வெளியே பூக்கும். பிறகு நிழலில் உலர்த்துங்கள், கணப்படுப்பின் அருகே வேண்டாம்.