மறுவாசிப்பிலும் தாக்குப்பிடிக்கும் வில்லன்கள்

கல்லூரியில் சேர்ந்த காலத்திலிருந்து ஃபேன்டஸி நாவல்களை, அதாவது மாயாஜாலக் கற்பனை உலகங்களில் நடக்கும் கதைகளை, விடாமல் படித்துவருகிறேன். மயிலாப்பூர் லஸ் முனையில் நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியவையும், நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து சுமந்துவந்தவையும் அலமாரி கொள்ளாமல் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. புதிதாக வந்த நாவலைப் படித்த சூட்டோடு எழுதும் மதிப்புரை அல்ல இது. பல வருடம் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எது தாக்குப்பிடிக்கிறது, எது வெளுத்துப்போகிறது என்பதைச் சொல்ல நினைக்கிறேன். தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் வில்லன்தான். வில்லனைச் சரியாக எழுதாத நாவலை இரண்டாம் முறை என்னால் பாதிகூடத் தாண்ட முடிவதில்லை.

முதல் வாசிப்பில் 'அடுத்து என்ன' என்ற கேள்வியே நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் வாசிப்பில் கோட்டை விழும் என்பதும் நாயகன் பிழைப்பான் என்பதும் தெரியும். அவன் ஏன் போராடுகிறான் என்பதும் தெரியும். எதிரே நிற்கிறானே, அவன் ஏன் அங்கே போய் நின்றான்? இந்த ஒரு கேள்விதான் எத்தனை முறை படித்தாலும் மிச்சமிருக்கிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசையில் வரும் ஜேமி லானிஸ்டர் என்ற வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் வந்த முதல் நாவலில், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். அந்தப் பக்கத்தில் அவனை வெறுக்காத வாசகர் இருக்க முடியாது. 2000இல் வந்த மூன்றாம் நாவலில் அவனுக்கென்றே அத்தியாயங்கள் கிடைக்கின்றன. வாள் பிடித்த கையை இழந்து, காய்ச்சலோடு குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, தான் காக்க வேண்டிய அரசனையே கொன்றது ஏன் என்று பிரியன் என்ற பெண் வீராங்கனையிடம் சொல்கிறான். தலைநகரத்தையே மக்களோடு சேர்த்துக் கொளுத்த உத்தரவிட்டிருந்தான் அந்த அரசன். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஜன்னல் காட்சி இம்மியும் மாறுவதில்லை. சிறுவன் விழுந்தவன்தான், தள்ளியவன் இவன்தான். ஒரு நகரத்தைக் காத்த கையும் ஒரு குழந்தையைத் தள்ளிய கையும் ஒன்று என்பதை அந்த ஆசிரியர் நம் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

வில்லனுக்கு ஆழம் கேட்கும் ரசிகர்களைப் பார்த்து, கெட்டவனுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று பெரியவர்கள் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வீட்டுப் புத்தகங்களில் பாதி இப்போது அவளிடம்தான். ஒருமுறை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவனை மன்னிக்கச் சொல்லி யார் கேட்டது சித்தி? எந்த இடத்தில் அவன் திரும்பியிருக்கலாம் என்று காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்" என்றாள். ரசிகர்களின் கோரிக்கையை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

திரும்பியிருக்கக்கூடிய இடம் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மந்திர மோதிரத்துக்காக ஏங்கி அலையும் கொல்லம். 1954இல் வந்த இரண்டாம் பாகத்தில், மலைப் படிக்கட்டில் மோதிரத்தைச் சுமந்துசெல்லும் நாயகன் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் அயர்ந்து தூங்குகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கத் திட்டமிட்டிருக்கும் கொல்லம் திரும்பிவந்து அவர்களைப் பார்க்கிறான். முகத்தில் இருந்த பசி மறைகிறது. களைத்துப்போன ஒரு கிழவனாகத் தெரிகிறான். நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். சாம் விழித்துக்கொண்டு கடுமையாக ஒரு சொல் சொல்கிறான். அதோடு எல்லாம் போயிற்று. அரைப் பக்கம்கூட இருக்காது, ஆனால் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சாம் இன்னும் கொஞ்சம் தூங்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. இதே கதையின் பெரிய வில்லன் சௌரான் நம் முன் நேராக வருவதே இல்லை. வர வேண்டியதும் இல்லை என்பேன். எல்லா வில்லனுக்கும் வரலாறு எழுதியாக வேண்டும் என்பதில்லை. ஆழம் கதைக்குள் எங்காவது இருந்தால் போதும்.

ஹாரி பாட்டர் வரிசையில் என் குறை இதுதான். 2005இல் வந்த ஆறாம் நாவல் முதன்மை வில்லனான வோல்டமார்ட்டின் இளமையை விரிவாகவே சொல்கிறது: லண்டன் அநாதை இல்லம், மற்றப் பிள்ளைகளிடம் திருடிய பொருள்களை அலமாரியில் ஒளித்துவைத்திருக்கும் பதினொரு வயதுச் சிறுவன். நன்றாக எழுதப்பட்ட பகுதி. ஆனால் அந்த வயதிலேயே அவன் முடிந்துபோனவனாக இருக்கிறான், தயங்கும் ஒரு கணம்கூட அவனுக்குத் தரப்படவில்லை. அதே வரிசையில் வரும் கடுகடுப்பான பள்ளி ஆசிரியர் ஸ்னேப்புக்கு அது கிடைத்தது. அதனால்தான் இன்றும் வாசகர்கள் ஸ்னேப்பைப் பற்றி மல்லுக்கட்டுகிறார்கள், வோல்டமார்ட்டைப் பற்றி அல்ல. பிற்காலத்தில் வந்த பல நாவல்களில் இந்தக் கோளாறு இன்னும் முற்றிவிட்டது. கடைசிச் சண்டைக்குச் சற்று முன்பு மூன்று பக்கத்துக்கு வில்லனின் குழந்தைப் பருவச் சோகம், அத்துடன் கடமை முடிந்தது. சோகம் ஒருவனுக்கு நேர்வது. அதற்குப் பிறகு அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதுதான் கதை.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த எதிர்பார்ப்பு புதிதே அல்ல. முதல் நாள் போரில் எல்லாம் இழந்து இலங்கைக்குத் திரும்பும் இராவணன், வானும் மண்ணும் பகைவரும் சிரிப்பார்களே என்று கூசவில்லை. 'சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்' என்கிறான் கம்பன். ஒரே வரியில் பத்துத் தலை அரக்கன் மனிதனாகிவிடுகிறான், குற்றம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதையும் மிஞ்சிய இடம் கந்தபுராணத்தில் இருக்கிறது. முருகனின் பேருருவைக் கண்ட சூரபன்மன், 'பாலன் என்று இருந்தேன் அந்நாள்' என்று உருகுகிறான். கால் அவனைச் சுற்றிவர வேண்டும், கை தொழ வேண்டும், தலை தாழ வேண்டும் என்றெல்லாம் நெஞ்சு தவிக்கிறது. ஆனால் 'தடுத்தது மானம் ஒன்றே' என்று கச்சியப்பர் முடித்துவிடுகிறார். வடபழனியில் சூரசம்ஹாரம் பார்க்கும் கூட்டத்துக்குத் தலைகள் மாறுவது தெரியும், வேல் பாய்வது தெரியும். பணியலாமா வேண்டாமா என்று அவன் ஊசலாடிய அந்தக் கணம் பாட்டில் மட்டுமே இருக்கிறது.

இப்போது தமிழில் ஃபேன்டஸி எழுத வரும் இளைஞர்களின் கையெழுத்துப் பிரதிகள் சில நண்பர்கள் வழியாக என்னிடம் வருகின்றன. உலகங்களை அழகாகக் கட்டுகிறார்கள். மந்திரங்களுக்கு விதி வகுக்கிறார்கள், வரைபடம்கூடப் போட்டுத் தருகிறார்கள். வில்லன் மட்டும் இருட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வருகிறான். அவர்களிடம் நான் கேட்பது ஓர் அத்தியாயம்தான். நாயகன் பக்கத்தில் இல்லாத ஓர் இரவில், நாளைய கொலைக்கு உத்தரவிடுவதற்கு முன்பு, அந்த வில்லன் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதை அவன் கண்வழியாகவே எழுதித் தாருங்கள்.