ஓடு மாற்றுவதா, ஷீட் போடுவதா? அடைமழைக்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பங்காளிகளுக்குள் இதே பேச்சுதான். இந்த வருஷம் பூர்வீக வீட்டின் ஓட்டுக் கூரைக்கு என்ன செய்யப்போகிறோம்? சென்னையில் இருப்பவர்கள் ஓட்டுக்கு மேலே தகர ஷீட்டைப் போட்டு மூடிவிடச் சொல்கிறார்கள். காரைக்குடியிலேயே இருக்கும் ஒரு அண்ணன், நாட்டு ஓட்டை இறக்கிவிட்டுச் சீமை ஓடு போடலாம் என்று கணக்கு எழுதிக்கொண்டு வந்தார். அப்பத்தா மட்டும் "ஓடு மாத்துங்கப்பா, வேற ஒண்ணும் வேணாம்" என்று முடித்துக்கொண்டார். ஓடு மாற்றுவது என்றால் இருக்கிற நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததை நீக்கி, திரும்ப அடுக்குவது. மூன்று வகையையும் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் கிட்டே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஷீட். நல்லதைச் சொல்லிவிடுகிறேன், போட்ட அன்றே ஒழுகல் நின்றுவிடும், குரங்கும் மயிலும் ஓட்டைக் கலைக்க முடியாது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வருஷா வருஷம் யார் ஏறிப் பார்ப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது பின்பகுதியில், போட்டு மூன்றே வருஷத்தில் நடந்தது இது: இரும்புக் கால் நடுவதற்காகச் சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டார்கள், அந்தத் துளை வழியே மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கி, வழவழவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்த பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நின்றது, தட்டினால் டொப்பென்று கேட்டது, அடுத்த மழையில் பெயர்ந்து விழுந்துவிட்டது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் சுவர் பழசு என்றார். அந்தப் பூச்சை அதே பதத்தில் பூசுகிற ஆளை இப்போது தேடிப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அதோடு போகவில்லை. ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருட்டு. அங்கே எலி கூடு கட்டினாலும் கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தில் கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் தகரம் காய்ந்து கீழே அனலை இறக்கும். இன்னும் சிலர் வளவின், அதாவது உள்முற்றத்தின், நடுவில் வானம் பார்த்த திறப்பையும் கண்ணாடி மாதிரி ஷீட்டால் மூடிவிடுகிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வீட்டின் சூடு மேலேறி வெளியே போவதே அந்தத் திறப்பு வழியாகத்தான், அதை அடைத்துவிட்டு அப்புறம் ஏசி வாங்குவதில் என்ன இருக்கிறது?

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை வழியாக நம் பக்கம் வந்தபோது ஷீட்டுகள் பறந்ததை மறக்க முடியாது. தகரம் எடை குறைவு, ஓரத்தில் காற்று புகுந்தால் அப்படியே தூக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரங்களில் போல்ட்டை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், இரும்புக் காலைச் சுவரில் ஊன்றாமல் தரையிலிருந்து தனியாக எழுப்பச் சொல்லுங்கள்.

சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு உட்காரும், சீக்கிரம் கலையாது, எடையும் குறைவு. புதுக் கட்டடத்துக்குத் தாராளமாகப் போடலாம். பழைய வீட்டில்தான் சிக்கல். நூறு வருஷக் கைமரம் எங்கேயாவது லேசாக வளைந்திருக்கும். நாட்டு ஓடு அந்த வளைவுக்கு ஏற்றபடி படுத்துக்கொள்ளும், சீமை ஓடு படுக்காது, ஒரு பக்கம் தூக்கி நிற்கும், சாரல் அந்தச் சந்தில் புகுந்துவிடும். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர் எல்லாம் புதிதாக, ஒரே அளவு இடைவெளியில் அடிக்க வேண்டும். ஒற்றை அடுக்கு என்பதால் உச்சி வெயிலுக்கு நாட்டு ஓட்டின் குளிர்ச்சியும் வராது.

சரி, நாட்டு ஓடு. செலவில் பெரும்பகுதி கூலிக்கே போகும், பழகிய ஆட்களும் குறைந்துவிட்டார்கள், ஆடியிலேயே சொல்லி வைக்காவிட்டால் ஐப்பசிக்குள் கிடைக்க மாட்டார்கள். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும், மிச்சம் தாத்தா காலத்து ஓடே திரும்ப மேலே போகும். பிரிக்கும்போதே கைமரம், பனஞ்சட்டம் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், கரையான் மண் கோடு தெரிந்தால் அங்கேயே மருந்து வைத்துவிடலாம்.

முழுசாக மாற்ற வசதி இல்லாத வருஷம் நாங்கள் இப்படிச் செய்கிறோம். உச்சி வெயிலில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் விலகின ஓடு இருக்கும் இடத்தில் ஊசி முனை மாதிரி வெளிச்சம் தெரியும், நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்கிறோம். மழையில் சொட்டுகிற இடத்தை நம்பக் கூடாது, தண்ணீர் கைமரத்தோடு ஓடிவந்து வேறெங்கோ சொட்டும். அப்புறம் கூடல்வாய். இரண்டு சரிவும் சேருகிற அந்த வாய்க்காலில் வேப்பஞ்சருகு அடைத்தால் எந்த ஓடு போட்டும் பிரயோசனமில்லை, தண்ணீர் எதிர்த்து உள்ளேதான் விழும். எங்கள் வீட்டு ஒழுகல் பெரும்பாலும் இதனால் வந்ததுதான். கூரை உச்சியான மோட்டில் விரிசல் இருந்தால் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள், சிமெண்ட் விறைத்துப்போய் வெயிலுக்கு வெடித்துவிடும். தார்ப்பாய் ஒரு ராத்திரி ஆபத்துக்கு மட்டும்.

தோட்டத்திலும் இதே மாதிரி இரண்டு கட்சி. கஜாவுக்கு அப்புறம் பயந்துபோய் வீட்டோரம் நின்ற மாமரத்தை மொட்டையடித்தவர்கள் நிறைய. மொட்டையடித்தால் வெட்டின இடத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிற கிளைக்குப் பிடிமானம் இருக்காது, அடுத்த காற்றுக்கு அதுதான் முதலில் முறியும். உள்ளே நெருக்கமாக இருக்கும் கிளைகளையும், ஓட்டின் மேல் சாய்ந்ததையும் கழித்துவிட்டால் காற்று ஊடே போய்விடும். தென்னையில் முற்றின காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குங்கள், புயல் அறிவிப்பு வந்ததும் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். தார் விட்ட வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்க வேண்டும். முருங்கையில் மட்டும் இரக்கம் பார்க்க வேண்டாம், எப்படியும் முறியும், இடுப்பளவுக்கு வெட்டிவிட்டாலும் தழைத்துவிடும்.

இன்னொன்று, வளவு மூலையில் மழைத்தண்ணீர் பிடிக்க வைக்கிற அண்டா, கிடாரம். மழை விட்டதும் வெள்ளைத் துணியால் வாயை இறுகக் கட்டுங்கள், வாரம் ஒரு தடவை கவிழ்த்துத் தேயுங்கள். டெங்கு கொசு தேடி வருவது இந்தத் தெளிந்த தண்ணீரைத்தான்.

இந்த வருஷம் முதல் கட்டு முழுவதும் ஓடு மாற்றுவது என்று பேசி முடித்தாயிற்று, புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று செலவைப் பிரித்தாயிற்று. இரண்டாம் கட்டு ஷீட்டைக் கழற்றுவது அடுத்த ஆடியில். அதுவரைக்கும் அந்தத் துளைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கக் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.